டீ கிளாஸில் கொதித்த இன்ஜின்

அத்தியாயம் 9

வேம்புவுக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. பிறவிக் குணம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றும் ஜோக் அடித்தான். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் ஏற்றி வந்த அன்றும் ஜோக் அடித்தான். இரண்டு தடவையும் உதைபட்டான். இன்றைக்குப் புழல் ஜெயில் வாசலில் திறந்த வாய், பைக் திருவொற்றியூரைத் தொட்ட பிறகும் மூடவில்லை.

"மச்சான் நாளைக்கு ஒத்துக்கப் போறாராம் மேடம். பண்ணாத கொலைய! எங்க அக்காவக் கட்டிக்கவே ரெண்டு வருசம் யோசிச்சு யோசிச்சு ஒத்துக்கினவரு. இதுக்கு இன்னா அவசரம் வந்துச்சாம்?"

"ரோட்டப் பாரு, வேம்பு."

"ரோடு எங்க கீது? பள்ளந்தான் கீது. பள்ளத்தப் பாத்துகினுதான் ஓட்டுறேன்."

பின்னால் உட்கார்ந்திருந்தவள் செங்கொடி. காலடிப்பேட்டையில் ஒரு டெய்லர் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். அதற்கு முன் பல வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிப்போன லாரிகளுக்குள் தலையை விட்டு, எது தானாக உடைந்தது, எது கிளெய்முக்காக உடைக்கப்பட்டது என்று பார்த்துச் சொன்னவள். வேம்பு அவளுக்கு உதவியாளன், டிரைவர், வசூல் மன்னன், டீ வாங்கி வருபவன் எல்லாம். இதுவரை அவர்கள் எடுத்த கேஸெல்லாம் யாரோ ஒருவர் வீட்டு விவகாரம். இந்தத் தடவை வேம்புவின் வீடு.

நடந்தது இதுதான். வேம்புவின் அக்கா ரமாபாயின் புருஷன் பகலவன், எர்ணாவூரில் சுயம்பு என்கிற கருப்பட்டி மொத்த வியாபாரியிடம் கார் டிரைவர். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம் சுயம்பு அவனை, தன் மனைவி பேரில் இருந்த ராயபுரம் கோடவுனுக்கு ஒரு வேலையாகக் காரில் அனுப்பினார். அந்த நேரம் பார்த்து, வீட்டில் தனியாக இருந்த சுயம்புவின் மனைவி ஜெயக்கொடியை யாரோ தலையில் அடித்துக் கொன்றுவிட்டுப் போய்விட்டார்கள். பகலவன் கோடவுன் போய்ச் சேர்ந்ததோ ஒரு மணி நேரம் தாமதமாக. வீட்டுப் பின்கதவுச் சாவி அவனிடமிருந்த கார் சாவிக்கொத்திலேயே தொங்கியது. போலீஸுக்கு வேறென்ன வேண்டும்?

அந்த ஒரு மணி நேரம் எங்கே இருந்தாய் என்று எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டும், லத்தியால் கேட்டும், பகலவன் ஒரே பதிலைத்தான் சொன்னான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போகும்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. முன்பு ஓரிடத்தில் இன்ஜினைக் கொதிக்க விட்டு வேலை போனவன் நான், அதனால் ஓரம் கட்டி ஆற வைத்தேன். முதலாளிக்கு போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். ஆறிய பிறகு முள் இறங்கியது. கிளம்பிவிட்டேன்.

போலீஸ் தங்கள் மெக்கானிக்கை விட்டு அந்தக் காரை அரை நாள் ஓட விட்டது. முள் நடுவில் போய் நின்றது, நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. காரில் கோளாறு இல்லை, ஆகவே டிரைவர் பொய் சொல்கிறான். பகலவன் நின்ற இடத்தில் வரிசை கட்டியிருந்த கன்டெய்னர் லாரிக்காரர்கள் இன்றைக்கு எந்த மாநிலத்தில் இருக்கிறார்களோ! அங்கே கம்பத்தில் கேமரா இருந்தது. அதற்கு ஒயர் இல்லை. செல்போன் டவர்? வீட்டுக்கும் அந்த இடத்துக்கும் ஒரே டவர்.

போன வாரம் ஓர் ஏட்டு பகலவனைப் பார்த்து, உன் பெண்டாட்டியையும் கூட்டாளி என்று கேஸில் சேர்க்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். ரமாபாய்க்கு இது நிறை மாதம். இன்று காலை ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து பகலவன் வேம்புவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் கிட்ட நான்தான் பண்ணேன்னு சொல்லிடுறேன்டா. கொயந்த ஜெயில்ல பொறக்க வேணாம்."

வேம்பு அதற்கும் ஏதோ ஜோக் அடித்தான். என்ன அடித்தோம் என்பது வெளியே வந்ததும் அவனுக்கே நினைவில்லை.

இன்னொரு இடி, அந்தக் காரைச் சாயங்காலம் சுயம்புவிடம் ஒப்படைக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு ஆகிவிட்டது. வக்கீல் மெஹ்னாஸ் மன்றாடி வாங்கித் தந்த ஒரே ஒரு அனுமதிதான் கையில். கார் போவதற்குள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பார்க்கக் காரும் இருக்காது, கேஸும் இருக்காது.

*

ஸ்டேஷனுக்குப் பின்னால் கைப்பற்றிய வண்டிகளின் மைதானம். கடல் காற்றில் பாதி இரும்பு துருவாகிக்கொண்டிருந்தது. வள்ளூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் எல்லாவற்றின் மேலும் ஒரு பூச்சு பூசியிருந்தது. கான்ஸ்டபிள் அன்புக்கரசி சாவியோடு நின்றிருந்தாள்.

"நான் கூடவே இருப்பேன். எதையும் எடுக்கக் கூடாது, எதையும் வைக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லியிருக்காரு."

"நல்லது. நீங்க கூட இருக்கறதுதான் எங்களுக்கும் வேணும்" என்று செங்கொடி பானெட்டைத் தூக்கினாள்.

"மேடம், அரை நாள் ஓட்டிப் பாத்தவனுக்கே ஒண்ணும் கெடைக்கல. நமக்கு இன்னா கெடைக்கும்? ரேடியேட்டர்ல தலை முழுகலாம், அவ்ளோதான்."

"உன் மச்சான் கிட்ட போலீஸ் கேட்டதுக்கு அவன் சொன்ன பதில் முழுசா ஞாபகம் இருக்கா? பானெட்டத் திறந்தப்போ என்ன பாத்தேன்னு சொன்னான்?"

"ஃபேன் பேய் மாதிரி சுத்திகினு இருந்துச்சு. ஆவி கீவி ஒண்ணும் வரல. ரேடியேட்டர் மூடிய அஞ்சி அஞ்சித் தொட்டா, கை தாங்குற சூடுதான். அதக் கேட்டுத்தான் போலீஸே சிரிச்சுதே. ஆவி வராம இன்ஜின் கொதிக்குமான்னு."

"அங்கதான் நான் அவன நம்புனேன். பொய் சொல்றவனா இருந்தா ஆவியச் சேத்துச் சொல்லியிருப்பான். புஸ்ஸுன்னு வந்துச்சு, கண்ணு தெரியலன்னு சொல்லியிருப்பான். எவனாவது தன் பொய்யத் தானே கெடுத்துக்குவானா? இன்ஜின் கொதிக்கல வேம்பு. கொதிக்குதுன்னு முள்ளு மட்டும் சொல்லியிருக்கு."

வேம்பு வாயை மூடினான். காலையிலிருந்து முதல் தடவை.

"இன்ஜின் தண்ணி எவ்ளோ சூடுன்னு பாத்து முள்ளுக்கும் ஃபேனுக்கும் சொல்றது ஒரு சின்ன சென்சார். சுண்டு விரல் அளவுதான். அதுக்குப் புத்தி கெட்டுதுன்னா முள்ளும் ஏறும், ஃபேனும் ஓடும், இன்ஜின் பாட்டுக்குச் சிவனேன்னு கிடக்கும். வர்ற வழியில ஒண்ணு புதுசா வாங்கிட்டு வந்தேனே, எதுக்குன்னு நினைச்ச?"

"பொறக்கப் போற கொயந்தைக்கு விளையாட்டு சாமான்னு நெனச்சேன்."

செங்கொடி இன்ஜினுக்குப் பக்கவாட்டில் கையை விட்டு அந்த சென்சாரைக் கண்டுபிடித்தாள். ஒயர் சாக்கெட்டைக் கழற்றி, மின்தடை அளக்கும் தன் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்தாள். புது சென்சாரிலும் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே எண். பிறகு அன்புக்கரசியைக் கேட்டுக்கொண்டு இன்ஜினை ஓட விட்டாள். முள் மெல்ல ஏறி நடுவில் நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஃபேன் ஒரு தடவை ஓடி, நல்ல பிள்ளையாக நின்றுவிட்டது.

கோளாறு இல்லை. மண்ணாங்கட்டி கோளாறும் இல்லை.

வேம்பு அப்படியே ஒரு துருப்பிடித்த ஆட்டோவின் மேல் சாய்ந்தான். அக்காவிடம் போய் என்ன சொல்வது? அவள் காலையிலிருந்து மூன்று தடவை போன் பண்ணிவிட்டாள். அவன் எடுக்கவில்லை. எடுத்தால் ஜோக் அடிப்பான், அவளுக்குப் புரிந்துவிடும்.

"அவ்ளோதானா மேடம்?"

செங்கொடி இன்ஜினை அணைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அன்புக்கரசி, இங்க வாங்க. இந்த இன்ஜினப் பாத்தா என்ன தோணுது?"

"கலீஜா இருக்கு மேடம். சாம்பலும் எண்ணெயும் அப்பிக்கிட்டு."

"எல்லாமா?"

அன்புக்கரசி குனிந்தாள். குழாய்கள், ஒயர்கள், போல்ட்டுகள் எல்லாம் வருஷக்கணக்கான சாம்பல் உப்புப் பூச்சோடு ஒரே நிறத்தில் கிடந்தன. நடுவில் அந்த சென்சாரின் தலை மட்டும் கறுகறுவென்று, கடையில் வாங்கினது மாதிரி.

"இது மட்டும் குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

"குளிச்சிட்டு வரல. புதுசா வந்திருக்கு. உங்க மெக்கானிக் எதையாவது மாத்தினாரா?"

"இல்லீங்க. நான்தான் பக்கத்துல நின்னேன். ஓட்டிப் பாத்தாரு, எழுதிக் குடுத்தாரு, போயிட்டாரு."

"அப்போ நீங்க காரப் பிடிச்சிட்டு வர்றதுக்கு முன்னாடியே மாத்தியாச்சு. கொலை நடந்து மூணாம் நாள்தான கார் இங்க வந்துச்சு? நடுவுல எவனோ உன் மச்சானோட சாட்சிய ஸ்பானர் போட்டுக் கழட்டி எடுத்துட்டான் வேம்பு."

வேம்புவுக்கு ஒரு கணம் சந்தோஷம், மறுகணம் அதைவிடப் பெரிய துக்கம். "கழட்டுனவன் அத இந்நேரம் கடல்ல வீசியிருப்பானே!"

"கழட்டச் சொன்னவன் வீசியிருப்பான். கழட்டுனவன் வீசமாட்டான்" என்றாள் செங்கொடி. "இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள உனக்குத் தெரியாதா? பழைய சாமான் ஒரு வாஷரா இருந்தாக்கூட, புதுசு வந்த டப்பாவுல போட்டுக் கஸ்டமர் வண்டியிலயே வெச்சிருவான். மாத்தாமலே மாத்துனேன்னு சொல்லிட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு. தேடு."

தேடினார்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள் சுவீட் கடைப் பை, உடைந்த கண்ணாடி. சீட்டுக்கு அடியில் பகலவனின் செருப்பு ஜோடி. வேம்பு அதை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தான். கதவுப் பைகள், மிதியடிக்குக் கீழே, எங்கும் இல்லை. ஸ்டேஷன் முன்பக்கம் ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும், சுயம்பு வந்துவிட்டாரோ என்று வேம்பு எட்டிப் பார்த்தான்.

செங்கொடி டிக்கியைத் திறந்தாள். கருப்பட்டி வாசம் குப்பென்று வந்தது. காலி ஓலைப் பெட்டிகள், ஒரு கோணிச் சாக்கு. எல்லாவற்றையும் ஒதுக்கி, விரிப்பைத் தூக்கினாள். ஸ்டெப்னி டயரின் நடுக்குழிக்குள் ஒரு சின்ன அட்டைப் பெட்டி, சுற்றிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, உட்கார்ந்திருந்தது.

"கான்ஸ்டபிள், நீங்களே எடுங்க. உங்க கையால பிரிங்க."

உள்ளே சாம்பலும் உப்பும் அப்பிய ஒரு பழைய சென்சார்.

"காரக் கொண்டுபோய் மாத்தினவன் இந்த டிக்கியத் தன் கையால திறந்து பழக்கமில்லாதவன்" என்றாள் செங்கொடி. அதை யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

*

எதிர்க் கடையிலிருந்து வேம்பு ஒரு கிளாஸில் தண்ணீரும் ஒரு கிளாஸில் கொதிக்கக் கொதிக்க டீயும் வாங்கி வந்தான். செங்கொடி மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினாள். சென்சார் சூடு ஏற ஏற மீட்டரில் எண் இறங்க வேண்டும். நல்லது படிப்படியாக இறங்கி ஓரிடத்தில் நிற்கும். கெட்டது தான்தோன்றித்தனமாக ஏதாவது செய்யும்.

முதலில் தண்ணீர். பழையது, புதியது இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின.

"அய்யோ" என்றான் வேம்பு. "இதுவும் நல்லாத்தான் கீது! மேடம், இதுவும் நல்லா கீது! நாம இன்னாதான் பண்ணிகினு கீறோம்? எங்கக்கா வூட்ல வயித்தப் புடிச்சிகினு ஒக்காந்துகினு கீது, நாம இங்க சென்சாருக்குக் காதுகுத்து நடத்துறோம்!"

"பொறு."

"இன்னும் எவ்ளோ பொறுக்கறது!" அவன் குரல் உடைந்துவிட்டது. அன்புக்கரசி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

செங்கொடி புது சென்சாரை டீயில் முக்கினாள். எண் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றது. அடுத்து பழையது. அதுவும் அதே மாதிரி இறங்கியது. அதே இடத்துக்கு வந்தது. வேம்பு கண்ணை மூடிக்கொண்டான்.

"ஐயையோ, இது என்ன!" என்றது அன்புக்கரசியின் குரல்.

கண்ணைத் திறந்தான். மீட்டரில் எண் தொபுக்கடீரென்று விழுந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. கிளாஸில் இருப்பது டீ. குடிக்கிற பக்குவத்துக்கு ஆறிக்கொண்டிருந்தது. இந்த சென்சாரைக் கேட்டால் அது எரிமலை. வெளியே எடுத்துத் துடைத்தாள். இன்னும் எரிமலைதான். தண்ணீரில் போட்டு நன்றாக ஆற விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதது போல் பழைய எண்ணுக்குத் திரும்பிவிட்டது.

"சூடில்லாம இருக்கும்போது யோக்கியன். சூடு பட்டா புத்தி பேதலிச்சுரும். ஆறினா மறுபடி யோக்கியன். கார் கிளம்பும்போது சரியா இருக்கும், கொஞ்ச தூரம் போனதும் முள்ளு சிவப்புக்கு ஓடும், நிறுத்தி ஆற வெச்சா இறங்கிரும். உன் மச்சான் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நிஜம், வேம்பு."

வேம்பு தரையில் உட்கார்ந்து, மீதித் தண்ணீரை முகத்தில் கொட்டிக்கொண்டான். ஆனால் செங்கொடியின் முகத்தில் மலர்ச்சி இல்லை. அவள் அந்தச் சிவப்பு டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்சல் கட்டுவது போல் நான்கு பக்கமும் சுற்றி, நுனியை மடித்து விட்டிருந்தது.

"இப்படிச் சுத்துற ஆள் ஒருத்தர்தான். காலடிப்பேட்டை மெக்கானிக் காஜா மொய்தீன் பாய்."

போனை எடுத்துக்கொண்டு மதில் ஓரமாகப் போனாள். வெகு நேரம் பேசினாள். கை ஆட்டிப் பேசினாள், கெஞ்சிப் பேசினாள். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"அவர்தான் மாத்தினாராம். ஆனா ஸ்டேஷனுக்கும் வரமாட்டாராம், கையெழுத்தும் போடமாட்டாராம். பெரிய இடத்துப் பொல்லாப்பு வேணாம்னு போன வெச்சிட்டார்."

"எவன் மேடம் கார இட்டுகினு போனது? கோடவுன் மேனேஜரா? சொல்லுங்க, எவன்?"

"சொன்னா உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். உனக்கு நடிக்க வராது." அவள் அன்புக்கரசியிடம் திரும்பினாள். "இன்ஸ்பெக்டர் ஐயா இருக்காரா? ரெண்டே நிமிஷம். அப்புறம் இன்னொரு டீ வேணும். நல்லா கொதிக்கிறதா."

*

இன்ஸ்பெக்டர் செங்குட்டுவன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரையும் நம்பும் மனநிலையில் இருக்கமாட்டார். அன்புக்கரசி சொன்னதை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். செங்கொடி அவர் காதருகே நாலு வார்த்தை சொன்னாள். "இதெல்லாம் எனக்குப் பிடிக்காது" என்றார். ஆனால் போய்விடவில்லை.

அந்த நேரத்தில்தான் சுயம்பு வந்தார். வெள்ளை வேட்டி, திருநீறு, மூன்று வாரத் தாடி. மனைவி போனதிலிருந்து மனுஷன் பாதியாகிவிட்டார் என்று வேம்புவே பலரிடம் சொல்லியிருக்கிறான். தன் மனைவியைக் கொன்றதாகப் பிடிபட்டவனின் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பிய மனுஷன். அந்தப் பிள்ளைத்தாச்சி என்ன பாவம் செய்தாள் என்று கேட்ட மனுஷன். உலகத்தில் இப்படியும் ஒருவரா என்று அரிசியை இறக்கி வைத்துவிட்டு அக்காவும் தம்பியும் அழுதார்கள். காரைப் பார்க்க அனுமதி கிடைத்ததை வேம்பு முந்தாநாள் அவரிடம்தான் ஓடிப்போய்ச் சொன்னான்.

அவரைப் பார்த்ததும் இப்போதும் ஓடினான். "முதலாளி! எங்க மச்சான்..."

சுயம்பு அவன் தோளில் கை வைத்தார். "தெரியும் தம்பி. கேள்விப்பட்டேன். நாளைக்குக் கோர்ட்ல ஒத்துக்கிடப் போறானாம்லா? மனசத் தேத்திக்க. அவன் உண்மையச் சொல்லிட்டாம்னா தண்டனையக் குறைக்கச் சொல்லி நானே வக்கீல் கிட்ட பேசுதேன். புள்ளைக்கு ஒரு குறை வராம நான் பாத்துக்கிடுதேன்."

நல்ல வார்த்தைதான். ஆனால் வேம்புவுக்கு ஒன்று இடித்தது. பகலவன் அதைச் சொன்னது இன்று காலையில், ஜெயில் கம்பிக்குப் பின்னால். அதைக் கேட்டது அவன், அவன் சொன்னது செங்கொடியிடம் மட்டும். ரமாபாய்க்குக்கூட இன்னும் தெரியாது. இவருக்கு யார் சொன்னது? ஒத்துக்கொள்வான் என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால், ஒத்துக்கொள்ளும்படி அந்த ஏட்டை அனுப்பியவராகத்தான் இருக்க வேண்டும்.

தோளில் இருந்த கை கனத்தது. வேம்பு திரும்பிச் செங்கொடியைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்தாள். இப்போது புரிகிறதா என்பது போல.

"ஒரு தடவை சாவி போட்டுப் பாத்துட்டு எடுத்துக்குங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டி சரியா இருக்குன்னு நீங்க சொன்னாத்தான் நான் விட முடியும். இந்தக் கார்ல முன்னாடி ஏதும் கோளாறு உண்டா?"

"ஒரு கோளாறும் கிடையாது. நீங்கதான் ஓட்டிப் பாத்தியள்லா?"

"கடைசியா எப்போ மெக்கானிக் கிட்ட போச்சு?"

"போன தீபாவளிக்கு. அதுக்கு மேல ஒரு ஸ்குரு கூட தொட்டதில்ல. முந்தியே எழுதிக் குடுத்திருக்கனே."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் கூடச் செய்யவில்லை. முள் சர்ரென்று ஏறிச் சிவப்புக்குள் போய் நின்றது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மூடியிருந்த பானெட்டுக்குள் ஃபேன் பேய் மாதிரி சுற்ற ஆரம்பித்தது.

சுயம்பு முள்ளையே பார்த்தார். நெற்றியில் வியர்வை பொடித்தது.

"என்ன சார், சூடாகுதே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சூடா? இன்ஜின் ஸ்டார்ட்டே பண்ணல, பச்சத்தண்ணியாக் கிடக்கு! எப்படிச் சூடாவும்?" எரிச்சலில் அவர் குரல் உயர்ந்தது. "முள்ளுதான் பொய் சொல்லுது. இது எப்படி மறுபடியும்... அதான் சென்சார மாத்தியாச்சுல்லா!"

இன்ஸ்பெக்டர் கார் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"எதை மாத்தினீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

சுயம்பு சாவியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

செங்கொடி பானெட்டைத் தூக்கினாள். பேட்டரிக்குப் பக்கத்தில் முட்டுக் கொடுத்து ஒரு கிளாஸ் டீ நின்றுகொண்டிருந்தது. அதற்குள் பழைய சென்சார் முங்கிக் கிடக்க, கார் ஒயரின் சாக்கெட் அதன் தலையில் மாட்டியிருந்தது. ஆடை படிந்த அந்த டீயின் சூட்டைத்தான் கார் தன் இன்ஜின் சூடென்று நினைத்து அலறிக்கொண்டிருந்தது.

"முள்ளு ஏறுதுன்னு நீங்க முதல்ல காஜா பாய் கிட்ட போனது கொலைக்கு முந்தின வாரம்" என்றாள் செங்கொடி. "சென்சார் போச்சு, மாத்தணும்னார். அப்புறம் பாத்துக்கிடலாம்னு வந்துட்டீங்க. டிரைவர் கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பழைய இடத்துல ஒரு இன்ஜினக் கொதிக்க விட்டு வேலைய இழந்தவன் அவன். முள்ளு சிவப்புக்கு ஏறினா தலை போனாலும் வண்டிய நகத்தமாட்டான். அது உங்களுக்குத் தெரியும். வேலைக்குச் சேரும்போது அவனே சொன்னது. அவன நடுரோட்ல ஒரு மணி நேரம் சாட்சி சொல்ல ஆளில்லாம நிக்க வைக்க உங்களுக்கு ஒரு சின்ன சென்சார் போதும்னு ஆயிடுச்சு. போன ஆஃப் பண்ணிட்டீங்க. ராயபுரம் கோடவுன் ஜெயக்கொடி அம்மா பேர்ல இருந்துச்சு, விக்கக் கையெழுத்துப் போடமாட்டேன்னாங்க. அந்த ஒரு மணி நேரத்துல அவங்கள முடிச்சிட்டீங்க. அடுத்த நாள் காலையில, வீட்டுல பிணம் எடுக்கறதுக்குள்ள, நீங்களே காரக் கொண்டுபோய் சென்சார மாத்தினீங்க. எல்லாம் சரியாத்தான் பண்ணீங்க. பாய் பழச டிக்கியில வெச்சிருக்கேன்னு சொன்னப்போ போன்ல இருந்துட்டீங்க. டிக்கிய எப்பவும் பகலவன்தான திறப்பான்?"

சுயம்பு காரை விட்டு இறங்கப் பார்த்தார். அன்புக்கரசி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்படியே இருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு செங்கொடியைப் பார்த்து, "அந்த காஜா பாய் வரமாட்டேன்னாரே?"

"இப்போ வருவார். பெரிய இடம் சின்னதாயிடுச்சே."

ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. செங்கொடி சென்சாரை டீயிலிருந்து எடுத்து, சாக்கெட்டைக் கழற்றி, அன்புக்கரசியிடம் கொடுத்தாள்.

வேம்புவின் பாக்கெட்டில் போன் அடித்தது. அக்கா. இந்தத் தடவை எடுத்தான். எடுத்துவிட்டானே தவிர, பேச்சு வரவில்லை. என்னென்னவோ சொல்ல வேண்டும். முதலாளி என்று சொல்ல வேண்டும், அந்த அரிசியை என்று சொல்ல வேண்டும், டீ என்று சொல்ல வேண்டும். ஒரு ஜோக்கும் வரவில்லை.

"டேய், இன்னாடா ஆச்சு? காலயிலேர்ந்து போன எடுக்காம இன்னா பண்ணிகினு கீற? எதுனா பேசேன்டா! நீ பேசாம கீறது எனக்கு பயமா கீதுடா!"

"யக்கா..." என்றான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "மச்சான் பொய் சொல்லலக்கா."

மறுமுனையில் ரமாபாய் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"அது எனக்கு மொத நாளே தெரியும்டா" என்றாள். "போலீஸ்காரனுக்கு எப்ப தெரியப்போவுது? அதச் சொல்லு."

வேம்பு நிமிர்ந்து பார்த்தான். இன்ஸ்பெக்டர் செங்குட்டுவன் பானெட்டுக்குள் குனிந்து, அந்த டீ கிளாஸை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பதாங்க்கா" என்றான். "இப்பதான் தெரிஞ்சிச்சு."